சி மொழியில் ஹாஷ் டேபிள்: தமிழ்ச் சொற்களைச் சாவியாக வைத்து ஒரு தொடக்கம்

மொரீஷியஸில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். வெண்டைக்காயை லாலோ என்றும் பாகற்காயை மார்கோஸ் என்றும் சந்தையில் கேட்டு வாங்குவார்கள். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் அதே காய் வேறு பெயரில் வரும்போது ஒரு கணம் தயங்குவார்கள். தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் கிரியோல் சொல்லைத் திருப்பித் தரும் சிறிய நிரல் ஒன்றை அவர்களே எழுதிக்கொள்ள முடியும். ஹாஷ் டேபிளைக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. கணினி அறிவியல் பாடநூல்கள் ஆங்கிலச் சொற்களையே சாவியாக, அதாவது தேடுவதற்குக் கொடுக்கும் சொல்லாக, வைத்து இதை விளக்குகின்றன. தமிழ்ச் சொல்லைச் சாவியாக வைத்தால், அந்த விளக்கங்களில் மறைந்தே போகும் சில பிழைகள் முதல் நாளிலேயே கண்ணில் படும். அவற்றைத் திருத்தத் தெரிந்தவர் எந்த மொழிக்கும் சரியாக எழுதுவார்.

முழு நிரலையும் இங்கே தரவில்லை. நகலெடுத்து ஒட்டினால் நிரல் ஓடும், ஆனால் பாயிண்டர் எங்கே மாறுகிறது என்பது மனத்தில் தங்காது. ஒவ்வொரு படியும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். அதைச் சி மொழியில் நீங்களே எழுதுங்கள். ஸ்ட்ரக்ட், பாயிண்டர், மாலாக், ஃப்ரீ ஆகியவை ஓரளவு பழகியிருந்தால் போதும்.

முதலில் ஒரு கேள்வி: இது தேவையா? உங்கள் பட்டியலில் இருபது சொற்கள்தான் என்றால் தேவையில்லை. ஓர் அரேயில் வைத்து முதலிலிருந்து கடைசி வரை ஒப்பிட்டுத் தேடுங்கள். அது எளிது, வேகமும் போதும். சொற்கள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது ஒவ்வொரு தேடலுக்கும் சராசரியாகப் பாதிப் பட்டியலைக் கடக்க வேண்டியிருக்கும். ஹாஷ் டேபிள் சொல்லிலிருந்தே ஹாஷ் என்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அதிலிருந்து அறை எண்ணைப் பெற்று நேராக அந்த அறைக்குப் போய்விடுகிறது. ஐபிஎம் நிறுவனத்தில் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் எழுதிய உள்குறிப்பில் இந்த எண்ணம், ஓர் அறையில் பல பொருள்களைச் சங்கிலியாகக் கோப்பது உட்பட, இடம்பெற்றிருந்தது. சி மொழி பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்த யோசனை இது.

படி 1: இரண்டு ஸ்ட்ரக்ட்

முதல் ஸ்ட்ரக்டுக்குக் கணு என்று பெயர் வையுங்கள். அதில் நான்கு உறுப்புகள்: சாவி (எழுத்துகளைச் சுட்டும் பாயிண்டர்), மதிப்பு (அதுவும் அப்படியே), சாவியின் முழு ஹாஷ் எண் (32 பிட் அன்சைன்ட் முழு எண்), அடுத்த கணுவைச் சுட்டும் பாயிண்டர்.

இரண்டாவது ஸ்ட்ரக்ட்தான் டேபிள். அதில் மூன்று உறுப்புகள்: கணு பாயிண்டர்களின் அரே, அறைகளின் எண்ணிக்கை, இதுவரை சேர்ந்த சொற்களின் எண்ணிக்கை. 16 அறைகளோடு தொடங்குங்கள். அறைகளுக்கான நினைவகத்தை மாலாக்கில் வாங்காமல் காலாக்கில் வாங்குங்கள். காலாக் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கித் தருவதால், நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கணினிகளில் ஒவ்வொரு அறையும் நல் பாயிண்டராக, அதாவது காலியாக, இருக்கும். மாலாக் தரும் இடத்தில் பழைய குப்பை இருக்கும். காலி அறையை நிரல் நிறைந்த அறை என்று நம்பி உள்ளே நுழைந்து உடைந்துபோகும்.

படி 2: ஹாஷ் ஃபங்ஷன்

எல்லாம் இந்தப் படியில்தான் இருக்கிறது. அவசரப்படாமல் பாருங்கள்.

சி மொழிக்கு எழுத்து என்றால் என்னவென்று தெரியாது, அதற்குத் தெரிந்தது பைட்தான். யூனிகோடு குறிகளைப் பைட்களாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் மூன்று பைட் ஆகிறது. புளி என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் அது ப, உகரக் குறி, ள, இகரக் குறி என நான்கு குறிகள். பைட் கணக்கில் 12. ஸ்ட்ரிங் நீளம் கேட்கும் ஃபங்ஷனிடம் கொடுத்தால் 12 என்றுதான் சொல்லும். அந்த 12 பைட்டில் முதல் மூன்று, அதாவது ப, 224, 174, 170. எந்தத் தமிழ்க் குறியை எடுத்தாலும் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. ஒரு குறியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் வேலை ஏறக்குறைய முழுவதும் மூன்றாவது பைட்டின் மேல் விழுகிறது.

இதனால் மூன்று சிக்கல்கள் வருகின்றன.

முதல் சிக்கல், சார் வகை. இன்டெல் வகைக் கணினிகளில் சார் என்பது வழக்கமாகக் கூட்டல், கழித்தல் குறி உள்ள எண், -128 முதல் 127 வரை. ஆங்கில எழுத்துகள் 127-க்குள் அடங்கிவிடுவதால் பாடநூல் நிரல்கள் தப்பித்துவிடுகின்றன. தமிழில் 224 என்ற பைட் -32 ஆகிறது, 174 என்பது -82 ஆகிறது. இவற்றைக் கூட்டி, சாதாரண முழு எண்ணில் வைத்து, அறைகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதி எடுத்தால் மீதியும் எதிர்மறையாக வரும். -82-ஐ 16-ஆல் வகுத்தால் சி மொழி தரும் மீதி -2. அரேயின் -2ஆம் இடம் உங்களுக்குச் சொந்தமான நினைவகம் அல்ல. நிரல் சில நேரம் உடைந்துவிடும், சில நேரம் ஓடிக்கொண்டே வேறு எதையோ கெடுக்கும். ஆகவே ஒவ்வொரு பைட்டையும் படிக்கும்முன் அன்சைன்ட் சார் ஆக மாற்றுங்கள், கணக்கு முழுவதையும் 32 பிட் அன்சைன்ட் எண்ணில் வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு: ராஸ்பெர்ரி பை போன்ற ஆர்ம் கணினிகளில் லினக்ஸில் சார் குறியற்ற எண். ஒரே சொல்லுக்கு மடிக்கணினியில் ஒரு ஹாஷ், அங்கே வேறு ஹாஷ் வரும்.

இரண்டாவது, பைட்களை வெறுமனே கூட்டுவது. தாவி, வாதி என்ற இரண்டு சொற்களையும் பாருங்கள். இரண்டிலும் அதே நான்கு குறிகள், வரிசைதான் வேறு. கூட்டலுக்கு வரிசை தெரியாததால் இரண்டுக்கும் ஒரே எண் வரும். இப்படிப்பட்ட சொற்கள் எல்லாம் ஒரே அறையில் குவியும்.

மூன்றாவது நுட்பமானது. பலர் கூட்டலை விட்டு, டிஜேபி2 என்ற பிரபலமான முறைக்குப் போகிறார்கள். 5381-இல் தொடங்கி, ஒவ்வொரு பைட்டுக்கும் இதுவரை வந்த எண்ணை 33-ஆல் பெருக்கி அந்த பைட்டைக் கூட்டுவது. நல்ல முறைதான். ஆனால் 33 என்பது 32 கூட்டல் 1. உங்களிடம் 8, 16 அல்லது 32 அறைகள் இருந்தால், மீதி எடுக்கும்போது அந்த 32 கரைந்துபோய் பெருக்கல் வெறும் 1-ஆல் பெருக்கியதாகிவிடுகிறது. அதாவது சிறிய டேபிளில் டிஜேபி2 திரும்பவும் வெறும் கூட்டல்தான். 16 அறைகளில் தாவியும் வாதியும் இரண்டுமே 3ஆம் அறைக்குப் போகின்றன. இந்த முறையைத்தான் வைத்துக்கொள்வேன் என்றால் அறைகளின் எண்ணிக்கையை 19, 37 போன்ற பகா எண்ணாக வையுங்கள்.

நான் பரிந்துரைப்பது எஃப்என்வி-1ஏ. ஐந்தே வரிகள்:

ம = 2166136261
சாவியின் ஒவ்வொரு பைட் ப-வுக்கும்:
    ம = ம ^ ப
    ம = ம * 16777619
ம-வைத் திருப்பிக் கொடு

இங்கே ^ என்பது பிட் அளவில் செய்யும் எக்ஸார். அடுக்கு என்று எண்ணிவிட வேண்டாம். பெருக்கல் 32 பிட்டைத் தாண்டி வழியும். அன்சைன்ட் எண்ணில் அப்படி வழிவதைச் சி மொழி முறைப்படியே அனுமதிக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை. குறி உள்ள முழு எண்ணில் வழிந்தால்தான் நிரலின் நடத்தைக்கு உத்தரவாதம் இல்லை. இந்த முறையில் 16 அறைகளில் தாவி 3ஆம் அறைக்கும் வாதி 11ஆம் அறைக்கும் பிரிந்து போகின்றன.

படி 3: அறை எண்

அறைகளின் எண்ணிக்கை 16, 32, 64 என இரண்டின் அடுக்காக இருந்தால், வகுத்து மீதி எடுப்பதற்குப் பதில் ஹாஷையும் எண்ணிக்கையில் ஒன்று குறைத்ததையும் பிட் அளவில் ஆண்ட் செய்தால் போதும். 16 அறைகள் என்றால் 15-உடன். விடை ஒன்றே.

நம் சொற்களை வைத்துப் பார்த்தால் புளி 3ஆம் அறை, பாகற்காய் 11, புடலங்காய் 13, வெண்டைக்காய் 5, பீர்க்கங்காயும் 5. பட்டியலில் ஐந்தே சொற்கள், அதற்குள் ஒரு மோதல். மோதல் வருவது ஹாஷ் ஃபங்ஷனின் குற்றம் இல்லை. 16 அறைகளில் எதையும் சிதறவிட்டால் சில அறைகளில் இரண்டு விழும், சில காலியாகவே கிடக்கும். மோதலைத் தவிர்க்க முயல வேண்டாம், அதை ஏற்கும்படி எழுதுங்கள்.

படி 4: தேடு

சேர்ப்பதற்கு முன் தேடுவதை எழுதுங்கள், ஏனென்றால் சேர்க்கும் ஃபங்ஷன் இதைப் பயன்படுத்தும். சாவியின் ஹாஷைக் கணக்கிட்டு அறைக்குப் போங்கள். அறையின் முதல் கணுவிலிருந்து அடுத்தது, அடுத்தது என நல் பாயிண்டர் வரும்வரை நடங்கள். ஒவ்வொரு கணுவிலும் முதலில் சேமித்த முழு ஹாஷ் எண்ணை ஒப்பிடுங்கள். அது பொருந்தினால் மட்டும் ஸ்ட்ரிங் ஒப்பீட்டு ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். 5ஆம் அறையில் வெண்டைக்காயும் பீர்க்கங்காயும் அருகருகே இருந்தாலும் அவற்றின் முழு ஹாஷ் வேறாக இருந்தால், பைட் பைட்டாக ஒப்பிடும் வேலை மிச்சம்.

ஹாஷ் பொருந்தியதும் இதுதான் சொல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெவ்வேறு சொற்களுக்கு ஒரே 32 பிட் ஹாஷ் வரலாம். கடைசித் தீர்ப்பு ஸ்ட்ரிங் ஒப்பீட்டுடையது. இன்னொன்று: இரண்டு பாயிண்டர்களைச் சமக்குறி போட்டு ஒப்பிடுவது சொற்களை ஒப்பிடுவது ஆகாது. அது முகவரிகளைத்தான் ஒப்பிடும்.

படி 5: சேர்

முதலில் தேடுங்கள். சொல் ஏற்கெனவே இருந்தால் பழைய மதிப்பை விடுவித்துப் புதியதை வையுங்கள். இல்லையென்றால் புதிய கணு ஒன்றுக்கு மாலாக்கில் இடம் வாங்குங்கள், இடம் கிடைத்ததா என்று பாருங்கள், உறுப்புகளை நிரப்புங்கள், கணுவின் அடுத்தது இப்போதைய முதல் கணுவைச் சுட்டட்டும், பிறகு அறை இந்தப் புதிய கணுவைச் சுட்டட்டும். இந்த இரண்டு வரிகளின் வரிசை மாறினால் பழைய சங்கிலி முழுவதும் கைவிட்டுப் போய்விடும்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான் வருகிறது. சாவியையும் மதிப்பையும் நகலெடுத்தே சேமிக்க வேண்டும். கோப்பிலிருந்து ஒவ்வொரு வரியாக ஒரே பஃபரில் படிக்கிறீர்கள். கணுவில் அந்தப் பஃபரின் முகவரியை மட்டும் வைத்தால் எல்லாக் கணுக்களும் அதே இடத்தைச் சுட்டும். படித்து முடித்தபின் டேபிளில் நூறு கணு இருக்கும், நூறிலும் கடைசி வரியில் படித்த சொல்லே இருக்கும். நகலுக்கு ஸ்ட்ரிங் நீளத்தோடு ஒன்று கூட்டி இடம் வாங்குங்கள். அந்த ஒன்று இறுதியில் வரும் பூஜ்ய பைட்டுக்கு. ஸ்ட்ர்டூப் ஃபங்ஷன் இந்த வேலையை ஒரே வரியில் செய்துவிடும். அது 2023 பதிப்பில்தான் சி மொழியின் தரத்துக்குள் வந்தது என்றாலும் யூனிக்ஸ் வகைக் கணினிகளில் நெடுங்காலமாக இருக்கிறது.

கூடவே, எஃப்கெட்ஸ் வரியைப் படிக்கும்போது வரியின் இறுதியில் உள்ள புதுவரிக் குறியையும் சேர்த்தே கொடுக்கும். அதை வெட்டாமல் சேமித்தால் நீங்கள் தேடுவது புளி, டேபிளில் இருப்பது புளியும் ஒரு புதுவரியும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், நிரலுக்குத் தெரியாது.

படி 6: கொத்தமல்லி

கொத்தமல்லியைத் தனிப் படியாக வைக்கக் காரணம் இருக்கிறது. கொத்தமல்லி என்ற சாவிக்குக் கிரியோல் சொல்லான கொத்தோமிலியை மதிப்பாகச் சேர்த்து வைத்தீர்கள், பிறகு கொத்தமல்லி என்று தேடினால் இல்லை என்கிறது நிரல். அச்சிட்டுப் பார்த்தால் சொல் டேபிளில் கண்முன்னே நிற்கிறது.

யூனிகோடில் கொ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியை வைப்பது ஒன்று. எகரக் குறியான கொம்பும், பின்னால் ஆகாரக் குறியான காலும் தனித்தனியாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டில் முதலாவது கொத்தமல்லி 30, இரண்டாவது 33. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் பிரிந்த வடிவம் வரக்கூடும்.

சேர்க்கும்போதும் தேடும்போதும், ஹாஷ் கணக்கிடும் முன், சாவியை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். தமிழுக்கு இது நான்கே மாற்றங்கள்: எகரக் குறியும் ஆகாரக் குறியும் சேர்ந்தால் ஒகரக் குறி, ஏகாரக் குறியும் ஆகாரக் குறியும் சேர்ந்தால் ஓகாரக் குறி, எகரக் குறியும் ஔகார நீளக் குறியும் சேர்ந்தால் ஔகாரக் குறி, ஒ என்ற உயிரும் ஔகார நீளக் குறியும் சேர்ந்தால் ஔ. பைட்டில் சொன்னால் முதல் மாற்றம் இது: 224, 175, 134, 224, 174, 190 என்ற ஆறும் வரிசையாக வந்தால் அவற்றை நீக்கி 224, 175, 138 என்ற மூன்றை வையுங்கள். விளைவு எப்போதும் குறுகுவதால் நகலெடுத்த இடத்திலேயே செய்துவிடலாம், புதிய நினைவகம் தேவையில்லை. இந்தச் சிறிய ஃபங்ஷன் இல்லாமல் தமிழுக்கென்று எந்தச் சொல்தேடியையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படி 7: நீக்கு

சங்கிலியிலிருந்து ஒரு கணுவை எடுக்க முந்தைய கணு எது என்று தெரிய வேண்டும். அது முதல் கணுவானால் முந்தையது இல்லை, அறையையே மாற்ற வேண்டும். இரண்டு நிலைமைகளுக்கும் தனித்தனியாக எழுதாமல், பாயிண்டரைச் சுட்டும் பாயிண்டர் ஒன்றை வைத்து நடங்கள். தொடக்கத்தில் அது அறையின் முகவரி. ஒவ்வொரு அடியிலும் அது கணுவின் அடுத்தது என்ற உறுப்பின் முகவரி. சொல் கிடைத்ததும் அது சுட்டும் இடத்தில் அந்தக் கணுவின் அடுத்ததை எழுதிவிட்டால் கணு கழன்றுவிடும். பிறகு சாவி, மதிப்பு, கணு என்ற வரிசையில் ஃப்ரீ செய்யுங்கள். சொற்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறையுங்கள்.

படி 8: பெரிதாக்கு

16 அறைகளில் ஆயிரம் சொற்களைத் திணித்தால் ஒவ்வொரு சங்கிலியும் சராசரியாக அறுபதைத் தாண்டும். ஹாஷ் டேபிள் வைத்ததன் பயனே போய்விடும். அறைகளில் முக்கால் பங்குக்கு மேல் சொற்கள் சேர்ந்ததும் அறைகளை இரட்டிப்பாக்குங்கள். தசம எண் வேண்டாம்: சொற்களை 4-ஆல் பெருக்கியது, அறைகளை 3-ஆல் பெருக்கியதைத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள். 16 அறைகளுக்கு 13ஆவது சொல்லில் அது நடக்கும்.

அரேயை ரீஅலாக் செய்து நீட்டினால் மட்டும் போதாது. அறை எண்ணிக்கை மாறியதும் சொற்களின் அறை எண்ணும் மாறலாம். புதிய அரேயைக் காலாக்கில் வாங்கி, பழைய அறை ஒவ்வொன்றிலும் நடந்து, ஒவ்வொரு கணுவையும் கழற்றிப் புதிய அறையில் மாட்டுங்கள். கணுவில் முழு ஹாஷைச் சேமித்து வைத்ததற்கு இங்கே பலன் கிடைக்கிறது: சொல்லை மறுபடி படிக்க வேண்டியதில்லை. கணுக்களையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை, பாயிண்டர்களை மாற்றினால் போதும். கழற்றும் முன் அடுத்த கணுவின் முகவரியைத் தனியாக எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

16-லிருந்து 32-க்குப் போகும்போது ஒரு சொல் அதே எண்ணில் இருக்கும், அல்லது சரியாக 16 தள்ளிப் போகும், வேறு வழியில்லை. 5ஆம் அறையில் இருந்த வெண்டைக்காய் 21-க்குப் போகிறது. பீர்க்கங்காயும் கூடவே 21-க்கே வருகிறது. இரட்டிப்பாக்கியதும் எல்லா மோதலும் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சராசரிதான் குறையும்.

படி 9: சோதனை

டேபிளை முழுவதும் விடுவிக்கும் ஃபங்ஷனை எழுதிய பிறகே சோதனைக்குப் போங்கள். ஜிசிசி அல்லது கிளாங் என்ற கம்பைலரில், நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை இயக்கித் தொகுத்து ஓட்டினால், விடுவித்த நினைவகத்தைத் தொட்ட வரியையே சுட்டிக்காட்டும். அதே வகைக் கருவியான வால்கிரைண்டும் நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஹாஷ் ஃபங்ஷனைத் தற்காலிகமாக எப்போதும் 0 திருப்பும்படி மாற்றுங்கள். எல்லாச் சொற்களும் ஒரே சங்கிலியில் தொங்கும். நிரல் மெதுவாகும், ஆனால் சேர்ப்பதும் தேடுவதும் நீக்குவதும் பிழையின்றி நடக்க வேண்டும். சங்கிலியின் நடுவிலிருந்து ஒன்று, தலையிலிருந்து ஒன்று, வாலிலிருந்து ஒன்று என நீக்கிப் பாருங்கள். மோதலைக் கையாளும் வரிகளில் ஒளிந்திருக்கும் தவறுகள் பெரும்பாலும் இதில் அகப்பட்டுவிடும்.

சங்கிலி இல்லாமல், மோதினால் அடுத்த காலி அறையைத் தேடிப் போகும் முறையும் உண்டு. நினைவகத்தை அடுத்தடுத்துப் படிப்பதால் அது பல வேளைகளில் வேகமானது. ஆனால் நீக்கும்போது அறையை அப்படியே காலி செய்தால் அதைத் தாண்டி வைத்த சொற்கள் தொலைந்துபோகும், அடையாளம் ஒன்றை விட்டுவைக்க வேண்டும். முதல் முறை எழுதுகிறவர்களுக்குச் சங்கிலியே நல்லது. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் எச்சர்ச் என்று ஆயத்தமாக ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒரு டேபிள்தான், தனிச் சொல்லை நீக்க வழியும் இல்லை. இணையத்திலிருந்து முன்பின் தெரியாதவர்கள் சாவிகளை அனுப்பும் நிரல் என்றால் எஃப்என்வி போதாது. வேண்டுமென்றே எல்லாவற்றையும் ஒரே அறைக்கு அனுப்பி நிரலை முடக்க முடியும். அதற்கு 2012-இல் வந்த சிப்ஹாஷ் போன்ற, ரகசிய எண் ஒன்றைக் கலக்கும் முறை வேண்டும்.

பட்டியலை அகரவரிசையில் அச்சிட விரும்பினால், அதை ஹாஷ் டேபிள் தராது. அறை வரிசையில்தான் வரும். கணுக்களின் பாயிண்டர்களை ஓர் அரேயில் சேர்த்து, வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான க்யூசார்ட்டிடம் கொடுங்கள். அப்போதும் ஸ்ட்ரிங் ஒப்பீட்டை அப்படியே பயன்படுத்தாதீர்கள். யூனிகோடில் ன என்பது ந-வை அடுத்து, ப-வுக்கு முன்னால் நிற்கிறது. ற என்பது ர-வை அடுத்து நிற்கிறது. புள்ளிக் குறி உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் வருகிறது. நம் அகராதி வரிசையில் க்-தான் முதலில், பிறகு க. பதினெட்டு மெய்களுக்கும் வரிசை எண் கொடுக்கும் சிறிய அட்டவணை ஒன்றை வைத்து ஒப்பீட்டு ஃபங்ஷனை நீங்களே எழுதுங்கள். புள்ளி உள்ள மெய்க்கு உயிர்மெய்யைவிடச் சிறிய எண் கொடுங்கள்.